தையல் தெரியாத படங்கள்

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் முன்னோர் வாக்கு. இப்பழமொழி திரைப்படத்திற்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை எண்ணும்போது வியப்பே மேலிடுகிறது. திரையில் கதாநாயகன் மலை முகட்டில் நிற்கிறான். அவனுக்குப் பின்னே மேகங்கள் தவழ்கின்றன. ஆனால் அவன் உண்மையில் நின்ற இடமோ, ஒரு கூடத்தின் நடுவே போட்ட மரமேடை. மலையைப் படம் பிடித்தவர் ஒருவர். மேகத்தைப் படம் பிடித்தவர் மற்றொருவர்.

இவ்வாறு தனித்தனியே எடுத்த படங்களை ஒரே படமாகத் தோன்றும்படி இணைக்கும் கலையே காம்பாசிட்டிங் எனப்படுவது. முன்னாளில் நம் பத்திரிகைகள் இவற்றைத் 'தந்திரக் காட்சிகள்' என்று எழுதின. தையல் வகுப்பில் இரண்டு துணிகளை இணைத்த இடம் மேற்புறத்தில் தெரியாதிருந்தால்தான் அதை நல்ல தையல் என்கிறோம். இக்கலையும் அத்தகையதே. இதனை எவ்வாறு செய்கின்றனர், இதைப் பயில்வோர் எவற்றைக் கற்கின்றனர், மாணவியராகிய நாம் இதை ஏன் அறிந்திருக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கறுப்புத் துணி செய்த மாயம்

பிரான்சு நாட்டில் ஜார்ஜ் மெலியே என்ற மாயவித்தைக்காரர் வாழ்ந்தார். 1898-இல் அவர் எடுத்த ஒரு குறும்படத்தில், தம் தலையைத் தாமே கழற்றி மேசைமேல் வைப்பார். உடனே அவருக்கு வேறொரு தலை முளைக்கும்! இதில் மந்திரம் ஏதுமில்லை. பிலிம் என்பது ஒளி பட்டால் மட்டுமே மாறும் பொருள். கறுப்புத் துணியிலிருந்து ஒளி வருவதில்லை. ஆகவே பிலிமில் அப்பகுதி பயன்படாமலே இருக்கும். அதே பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி மீண்டும் படம் பிடித்தால், அந்த இடத்தில் வேறொரு காட்சியைப் பதிக்கலாம்.

1903-இல் எட்வின் போர்ட்டர் என்ற அமெரிக்கர் எடுத்த ரயில் கொள்ளைப் படத்தில், நிலைய அறையின் சன்னல் வழியே ரயில் வந்து நிற்பது தெரியும். அறையைப் படம் பிடித்தபோது சன்னல் பகுதி மறைக்கப்பட்டது. பின்பு அந்த இடத்தில் மட்டும் ரயில் பதிக்கப்பட்டது. இவ்வாறு மறைக்கும் பகுதிக்கு 'மேட்' என்று பெயர். காம்பாசிட்டிங் முழுவதும் இந்த ஒரு சொல்லைச் சுற்றியே அமைந்துள்ளது.

நம் தமிழ்ப் படங்களிலும் இரட்டை வேடம் நெடுநாளாக உண்டு. 1940-இல் வெளிவந்த 'உத்தமபுத்திரன்' படத்தில் பி. யு. சின்னப்பா இரு வேடங்களில் நடித்தார். இத்தகைய பழைய படங்களைப் பார்க்கும்போது, இருவரும் ஆளுக்கொரு பக்கமாக நின்று பேசுவதைக் காணலாம். லென்சின் ஒரு பாதியை மறைத்து எடுத்தால், நடுக்கோட்டைத் தாண்டி ஒருவர் கைநீட்ட முடியாது. நீட்டினால் கை துண்டாகிவிடும்! நடுவே ஒரு தூணோ கதவோ இருந்தால் கோடு அதில் ஒளிந்துகொள்ளும்.

அப்படியானால் ஓடியாடும் மனிதரை எவ்வாறு தனியே பிரிப்பது? அவர் அசைய அசைய மேட்டும் அசைய வேண்டுமல்லவா? இதற்கு வண்ணம் வழிகாட்டியது. 1940-இல் வெளிவந்த 'பாக்தாத் திருடன்' என்ற ஆங்கிலப் படத்தில் லாரி பட்லர் என்பவர் நீலத் திரையின் முன் நடிகர்களை நிறுத்தி, நீலத்தை நீக்கிவிட்டு வேறு காட்சியைச் சேர்த்தார். அப்படத்தில் நடித்த சிறுவன் சாபு நம் அண்டை மைசூர்ப் பகுதியில் பிறந்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1964-இல் வந்த 'மேரி பாப்பின்ஸ்' படத்திற்குப் பெட்ரோ விளாஹோஸ் முதலியோர் சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியைப் பயன்படுத்தி ஆஸ்கார் பரிசு பெற்றனர்.

பச்சைத் திரையும் ஒரு கணக்கும்

இன்று இப்பணி பெரும்பாலும் கணினியில் நடைபெறுகிறது. நடிகர்க்குப் பின்னே பச்சைத் துணி கட்டுவதைத் திரைத்துறையினர் 'கிரீன் மேட்' என்கின்றனர். ஏன் பச்சை? மனிதத் தோலில் சிவப்பு மிகுதி, பச்சை குறைவு. மேலும் டிஜிட்டல் கேமராக்களில் பெரும்பாலானவை பச்சை ஒளியையே மிக நுட்பமாகப் பதிவு செய்கின்றன. தொலைக்காட்சியில் வானிலை அறிவிப்பவர் பச்சைத் திரைமுன் பச்சைப் புடவை கட்டி நின்றால், அவர் தலையும் கைகளும் மட்டும் வரைபடத்தின்மீது மிதக்கும்!

கணினிக்குப் பச்சை என்பது ஓர் எண். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும், அதாவது பிக்சலிலும், சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உள்ளன. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை எனக் கொள்வோம். துணியின் ஒரு புள்ளியில் சிவப்பு 40, பச்சை 190, நீலம் 60 என்றிருக்கிறது. மற்ற இரண்டில் பெரியது 60. பச்சை அதைவிட 130 கூடுதல். எனவே இது துணி, நீக்கலாம். கன்னத்தின் ஒரு புள்ளியில் சிவப்பு 205, பச்சை 150, நீலம் 120. இங்கே பச்சை பெரிதன்று, எனவே இது மனிதர், விட்டுவிடலாம். இவ்வளவு எளிய கழித்தல் கணக்கிலிருந்தே மேட் பிறக்கிறது.

ஆனால் கூந்தலில்தான் சிக்கல். ஒரு மயிரிழை ஒரு புள்ளியை முழுவதும் நிரப்புவதில்லை. கால் பங்கு மயிர், முக்கால் பங்கு துணி என்றிருக்கும். அதை நீக்குவதா, வைப்பதா? இரண்டும் தவறு. ஒவ்வொரு புள்ளிக்கும் நான்காவது ஓர் எண் தேவை. அது 1 என்றால் முன்படம் முழுவதும் தெரியும். 0 என்றால் பின்படம் முழுவதும் தெரியும். இடைப்பட்ட எண் என்றால் இரண்டும் கலந்து தெரியும். இந்த எண்ணிற்கு 'ஆல்பா' என்று பெயர். 1970-களின் பிற்பகுதியில் ஆல்வி ரே ஸ்மித், எட் காட்மல் என்னும் இருவர் இக்கருத்தை உருவாக்கினர். 1984-இல் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் என்னும் வேறு இருவர் இதற்கான கணித விதிகளை முறைப்படுத்தி வெளியிட்டனர்.

விதி இதுதான்: முன்படத்தின் எண்ணை ஆல்பாவால் பெருக்கு, பின்படத்தின் எண்ணை ஒன்றிலிருந்து ஆல்பாவைக் கழித்து வருவதால் பெருக்கு, இரண்டையும் கூட்டு. கரிய மயிரின் ஒளி 40, பின்னுள்ள வானத்தின் ஒளி 200, ஆல்பா கால் பங்கு எனில், 10-உம் 150-உம் சேர்ந்து 160 ஆகும். அந்தப் புள்ளி வானமும் மயிரும் கலந்த இளஞ்சாம்பலாகத் தெரியும். "இந்தக் கணக்கெல்லாம் எதற்குப் பயன்படப் போகிறது?" என்று நம்மில் சிலர் முணுமுணுப்பதுண்டு. கதாநாயகியின் கூந்தல் காற்றில் பறப்பதற்கே இது பயன்படுகிறது, தோழியரே!

பயில்வோர் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. பச்சைத் துணியில் பட்ட ஒளி திரும்பி வந்து நடிகரின் கன்னத்திலும் தோளிலும் படியும். அப்போது சிவப்பு 150, பச்சை 165, நீலம் 120 என்று முகம் பசலை பூத்ததுபோல் தெரியும். பச்சையை, மற்ற இரண்டில் பெரிய எண்ணாகிய 150-ஐத் தாண்டாதபடி குறைத்தால் சாயல் நீங்கும். நடிகரைத் துணியிலிருந்து பல அடி தள்ளி நிறுத்தினால் இத்தொல்லை பெரிதும் குறையும்.

அரிசியில் கல் பொறுக்குவது போல

எல்லாக் காட்சியிலும் பச்சைத் துணி கட்ட இயலாது. அப்போது உருவத்தின் ஓரத்தைக் கையால் கோடு வரைந்தே பிரிக்க வேண்டும். இதற்கு 'ரோட்டோ' என்று பெயர். மாக்ஸ் ஃபிளைஷர் என்பவர் 1917-இல் காப்புரிமை பெற்ற ஒரு கருவியின் பெயரிலிருந்து இது வந்தது. திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம்கள். எனவே 5 நொடிக் காட்சிக்கு 120 ஃபிரேம்களைப் பார்த்தாக வேண்டும். விரல்கள் தனி, தலைமுடி தனி, ஆடை தனி. இத்துறையில் புதிதாகச் சேருவோர் பெரும்பாலும் இவ்வேலையிலேயே தொடங்குகின்றனர். பாட்டி முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கும் பொறுமை இதற்கு வேண்டும்.

பார்க்கக் கற்றல்

உருவத்தைப் பிரித்தெடுப்பது பாதி வேலைதான். புதிய இடத்தில் அது பொருந்துவதே மீதிப் பாதி. எல்லா ஓரங்களும் செம்மையாக இருந்தும், "ஏதோ ஒட்டவில்லை" என்று நம் கண் சொல்லிவிடும். அந்த 'ஏதோ' என்ன என்று கண்டறிவதே இக்கலையின் உயிர்நாடி. பயில்வோர் முக்கியமாக நான்கினைச் சோதிக்கின்றனர்.

முதலாவது, ஒளி வரும் திசை. முகத்தில் இடப்புறம் வெயிலும், பின்னுள்ள மரத்தில் வலப்புறம் வெயிலும் இருக்கக் கூடாது. பாதம் தரையைத் தொடும் இடத்தில் அடர்ந்த சிறு நிழல் இல்லையெனில், மனிதர் தரையில் நில்லாமல் மிதப்பார்.

இரண்டாவது, கருமை. பள்ளி மாடியிலிருந்து தொலைவிலுள்ள குன்றையோ மரத்தையோ பாருங்கள். அதன் மிகக் கரிய பகுதிகூட, அருகிலுள்ள மரத்தின் கருமையைவிட வெளிறி, சற்றே நீலமாகத் தெரியும். இடையிலுள்ள காற்றும் தூசியுமே காரணம். தொலைவில் வைக்கும் உருவத்தையும் அவ்வாறே வெளிறச் செய்ய வேண்டும்.

மூன்றாவது, தொடுவானம். சமதரையில் நம் கண் உயரத்தில் கேமராவைப் பிடித்துப் படமெடுத்தால், நம் உயரமுள்ள அனைவருடைய கண்களும், அருகிலிருந்தாலும் தொலைவிலிருந்தாலும், தொடுவானக் கோட்டிலேயே அமையும். ஒட்டிய உருவத்தின் கண் அக்கோட்டிற்கு மிக மேலே இருந்தால், அவர் அரக்கராகவோ மேடைமேல் நிற்பவராகவோ தோன்றுவார்.

நான்காவது, தெளிவும் மங்கலும். கேமரா அசைந்தால் பின்படமும் அதே அளவு அசைய வேண்டும். ஒன்றில் புள்ளி புள்ளியாகக் கரகரப்பு இருந்தால், மற்றதிலும் அது வேண்டும்.

இவற்றைக் கற்கக் கணினிகூட உடனே தேவையில்லை. பழைய வார இதழ்களிலிருந்து ஓர் உருவத்தையும் ஒரு நிலக்காட்சியையும் வெட்டி ஒட்டிப் பாருங்கள். எங்கள் வகுப்பில் நாங்கள் இதைச் செய்து பார்த்தோம். முப்பது படங்களைப் புரட்டிய பின்னரே ஒளித்திசை பொருந்தும் இரண்டு கிடைத்தன. அதன் பிறகு விளம்பரத் தட்டிகளைப் பார்க்கும் எங்கள் பார்வையே மாறிவிட்டது. கணினி வசதியுள்ளவர்கள் 'பிளெண்டர்' என்ற இலவச மென்பொருளில் பழகலாம். அதில் காம்பாசிட்டிங் பகுதியும் உண்டு. திரைப்பட நிறுவனங்கள் பெரிதும் கையாள்வது 'நியூக்' என்ற மென்பொருள். மென்பொருள் மாறலாம், கண் பயிற்சி மாறாது.

வியப்பும் வஞ்சனையும்

1917-இல் இங்கிலாந்தின் காட்டிங்லி என்னும் ஊரில் எல்சி, பிரான்சிஸ் என்ற இரு சிறுமியர் இருந்தனர். எல்சிக்கு வயது 16, பிரான்சிசுக்கு 9. ஒரு புத்தகத்துப் படங்களைப் பார்த்துத் தேவதைகளை வரைந்து, வெட்டி, தொப்பியில் குத்தும் ஊசிகளால் செடிகளுக்கிடையே நிறுத்திப் புகைப்படம் எடுத்தனர். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எழுதிய ஆர்தர் கானன் டாயிலே அவற்றை உண்மையென நம்பி 1920-இல் ஓர் இதழில் எழுதினார். விளையாட்டாகத் தொடங்கியது உலகச் செய்தியாயிற்று. அவை அட்டைப் படங்களே என்று அவ்விருவரும் வெளிப்படையாகச் சொன்னது 1983-இல்தான்.

திரைப்படம் பார்ப்பவர், இது கதை என்று அறிந்தே பார்க்கிறார். ஆகவே அங்கே ஏமாற்று இல்லை. செய்தி என்றோ சான்று என்றோ சொல்லிக் காட்டும்போதுதான் அதே தொழில் வஞ்சனையாகிறது. இன்று இது நம் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. ஒரு பெண்ணின் முகத்தை எடுத்து வேறோர் உடலில் பொருத்தி, அவளை மிரட்டும் கொடுமைகள் நடக்கின்றன. இதை அஞ்சியே பல வீடுகளில், "நீ புகைப்படமே எடுத்துக்கொள்ளாதே, மேடையேறாதே" என்கின்றனர். பெற்றோரின் அச்சம் எங்களுக்குப் புரிகிறது. ஆயினும் ஒன்றைப் பணிவுடன் சொல்ல விரும்புகிறோம். மேலே கண்ட கணக்கைப் படித்தவர்க்குத் தெரியும்: முகம் ஓர் இடத்திலிருந்தும் உடல் வேறோர் இடத்திலிருந்தும் வரலாம். அப்படத்தில் இருப்பது அப்பெண்ணின் செயலன்று. அதை ஒட்டியவரின் செயல். வெட்கப்பட வேண்டியவர் அவரே. சட்டப்படியும் அது குற்றம். அத்தகைய படம் வந்தால், மகளை முதலில் நம்புங்கள். தோழியரே, தாயிடமோ ஆசிரியையிடமோ அன்றே சொல்லிவிடுங்கள். 1098 என்ற சிறார் உதவி எண்ணும் உள்ளது.

இன்று செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படங்களில் ஒளித்திசையும் நிழலும் பிழையின்றி அமைவதுண்டு. எனவே கண்ணால் தையலைத் தேடுவது மட்டும் போதாது. இப்படத்தை யார் எடுத்தார், எங்கே, எப்போது, எனக்கு அனுப்பியவர்க்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்கவும் வேண்டும். விடை தெரியாத படத்தைப் பிறர்க்கு அனுப்பாதிருப்பது நம் அனைவராலும் இயலக்கூடியதே.

கண்ணுக்குத் தெரியாத உழைப்பு

இக்கலை பெண்களுக்கு ஏற்றதா என்று சிலர் கேட்கலாம். 'எக்ஸ் மாகினா' படத்திற்காக 2016-இல் சாரா பென்னட் என்ற பெண்மணி, தம் குழுவினருடன் ஆஸ்கார் பரிசு பெற்றார். ஆயினும் இது எளிய பிழைப்பு என்று எண்ணிவிடக் கூடாது. புதுச்சேரியிலும் சில காட்சிகள் எடுக்கப்பட்ட 'லைஃப் ஆஃப் பை' படத்தின் கடலை நாம் அறிவோம். சிறுவன் இருந்தது தைவான் நாட்டில் கட்டிய ஒரு நீர்த்தொட்டியில். புலியின் பெரும்பகுதி கணினியில் பிறந்தது. வானம் பின்னர் வந்தது. 2013-இல் அப்படம் காட்சி விந்தைக்கான ஆஸ்காரைப் பெற்ற அதே பிப்ரவரி மாதத்தில், புலியை உருவாக்கிய நிறுவனம் கடன் சுமையால் நொடித்து நீதிமன்றத்தை நாடியது. தையல் தெரியாதிருப்பதே இவர்கள் வெற்றி என்பதால், தைத்த கைகளும் தெரியாமலே போய்விடுகின்றன. இனிப் படம் முடிந்தவுடன் எழுந்துவிடாமல், வரிசையாக வரும் அந்தப் பெயர்களையும் சிறிது நேரம் அமர்ந்து படிப்போமாக.

கண்ணால் காண்பது பொய்யாகவும் இருக்கலாம் என்று பழமொழி எச்சரிக்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொள்ளும்படி அது கூறவில்லை. தீர விசாரிக்கும்படியே கூறுகிறது. ஒளியையும் நிழலையும் தொடுவானத்தையும் கூர்ந்து பார்க்கப் பழகிய பெண்ணை ஏமாற்றுவது கடினம். அச்சுறுத்துவது அதனினும் கடினம்.