விமானப் பயணத்தில் கைபேசியும் நமது கவனமும்



நமது ஜமாஅத்தில் விமானம் ஏறாத வீடு இன்று அரிது. வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகள், அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோர், உம்ராவுக்குச் செல்லும் பெரியவர்கள் என ஆண்டு முழுவதும் யாராவது பயணத்தில் இருக்கிறார்கள். பாஸ்போர்ட், விசா, இஹ்ராம் துணி, மருந்து என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைக்கிறோம். ஆனால் கையிலுள்ள கைபேசியை விமானத்தில் எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித் தருவதில்லை. இந்த இதழில் அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

ஃபிளைட் மோடு எதற்காக?

முன்பெல்லாம் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாக் கருவிகளையும் அணைக்கச் சொல்வார்கள். 2013-இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அந்த விதியைத் தளர்த்தின. 2014-இல் நமது நாட்டு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமும் தளர்த்தியது. அதன்பின் ஃபிளைட் மோடில் வைத்துக் கைபேசியைப் பயணம் முழுவதும் பயன்படுத்த வழி ஏற்பட்டது. லேப்டாப் போன்ற கனமான கருவிகளை மட்டும் ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ளே வைக்கச் சொல்வார்கள். விமானம் குலுங்கினால் அவை பறந்து யார் தலையிலாவது விழலாம். அவசரத்தில் வெளியேறுகிறவரின் காலைத் தடுக்கலாம்.

"ஒரு கைபேசியாலா விமானம் விழப்போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. கைபேசியால் மட்டுமே ஒரு விமானம் விழுந்ததாக உறுதியாக நிறுவப்பட்டதில்லை என்பது உண்மைதான். ஆனால் கோபுரம் கிடைக்காத கைபேசி தன் முழு சக்தியையும் செலவழித்துத் தேடும். அந்த அலை விமானியின் ஹெட்ஃபோனில் இரைச்சலாகக் கேட்கக்கூடும். மூடுபனியில் இறங்கும் நேரத்தில் கட்டுப்பாட்டு அறை சொல்லும் ஒரு எண்ணை விமானி தவறாகக் கேட்டுவிடக் கூடாது. நம் பங்குக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

அலையை விடவும் நாம் அஞ்ச வேண்டியவை இரண்டு உள்ளன. ஒன்று கருவிக்குள் இருக்கும் பேட்டரி. மற்றொன்று, கருவி நம்மிடமிருந்து பறித்துக்கொள்ளும் கவனம்.

பவர் பேங்க் விஷயத்தில்

லித்தியம் பேட்டரியின் ஒரு செல் கெட்டுச் சூடேறினால் அந்தச் சூடு அடுத்த செல்லுக்குப் பரவும். அணைந்தது போல் தெரிந்தாலும் மீண்டும் பற்றிக்கொள்ளும். 2010 செப்டம்பரில் துபாயிலிருந்து புறப்பட்ட யு.பி.எஸ். சரக்கு விமானத்தில் லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில் தீப்பிடித்தது. விமானம் விழுந்து இரண்டு விமானிகளும் இறந்தனர். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் பூசான் நகரில் புறப்படக் காத்திருந்த ஒரு பயணிகள் விமானம் எரிந்தது. தலைக்கு மேலுள்ள பெட்டியில் இருந்த பவர் பேங்க்கே காரணமாக இருக்கலாம் என விசாரணையில் தெரிவிக்கப்பட்டது. விமானம் தரையில் நின்றிருந்ததால் அதிலிருந்த 176 பேரும் உயிர் தப்பினர்.

அதனால்தான் பவர் பேங்க்கைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது என்கிறார்கள். சரக்கு அறையில் தீப்பிடித்தால் யாரும் கிட்டே போக முடியாது. நம் கண் முன்னே புகைந்தால் பணியாளர்கள் உடனே தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பார்கள். 100 வாட்-அவர் வரையுள்ளது அனுமதிக்கப்படும். சாதாரண 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் சுமார் 74 வாட்-அவர்தான். அளவு அதன் மேல் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அழிந்துபோயிருந்தால் விமான நிலையத்தில் வாங்கி வைத்துவிடுவார்கள். 2025 அக்டோபர் முதல் எமிரேட்ஸ் நிறுவனம் ஒருவருக்கு ஒரு பவர் பேங்க் மட்டுமே அனுமதிக்கிறது. அதையும் விமானத்துக்குள் பயன்படுத்தக் கூடாது. வேறு நிறுவனங்களின் விதியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

கவனம் போனால்

2016 ஆகஸ்ட் 3-ஆம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து 300 பேருடன் சென்ற எமிரேட்ஸ் விமானம் துபாயில் தரையிறங்கும்போது ஓடுதளத்தில் மோதிச் சறுக்கித் தீப்பிடித்தது. உள்ளே புகை சூழ்ந்த அந்த நேரத்தில் எடுக்கப்பட்ட வீடியோவை நம்மில் பலர் பார்த்திருப்போம். சிலர் மேல் பெட்டியைத் திறந்து பைகளை இழுக்கிறார்கள். லேப்டாப்பைத் தேடும் குரல் கேட்கிறது. ஒருவர் நின்று படம் பிடிக்கிறார். விமானம் நின்று ஒன்பது நிமிடங்கள் கடந்தபின் எரிபொருள் தொட்டி வெடித்தது. அதற்குள் பயணிகள் அனைவரும் வெளியேறிவிட்டனர், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் தீயை அணைக்கப் போராடிய வீரர் ஒருவர் உயிரிழந்தார்.

2018 ஏப்ரலில் அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் விமானத்தின் இன்ஜின் நடுவானில் சிதறி, ஜன்னல் உடைந்தது. ஆக்சிஜன் முகக்கவசங்கள் கீழே இறங்கின. உள்ளே எடுக்கப்பட்ட படங்களைப் பார்த்தால் பலர் அதை வாயில் மட்டும் வைத்திருந்தார்கள். மூக்கு வெளியே இருந்தது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூட வேண்டும் என்பது ஒவ்வொரு பயணத்திலும் செய்து காட்டப்படுவது. பார்த்தவர்கள் குறைவு.

இதற்கு மாறாக 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் நடந்ததைப் பாருங்கள். தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் இன்னொரு சிறு விமானத்தில் மோதிப் பற்றி எரிந்தது. ஒலிபெருக்கி அமைப்பு வேலை செய்யவில்லை. எட்டு வாசல்களில் மூன்றை மட்டுமே பயன்படுத்த முடிந்தது. பணியாளர்கள் மெகாஃபோனிலும் வாயாலும் கத்திச் சொன்னதைக் கேட்டு, பைகளை விட்டுவிட்டு 379 பேரும் உயிருடன் வெளியே வந்தனர். சிறு விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்துவிட்டார்கள் என்ற துக்கத்தையும் நாம் மறக்க முடியாது.

பெரிய பயணிகள் விமானம் எதுவாயினும் பாதி வாசல்களை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிகளில் அனைவரும் வெளியேற முடியும் என்று நிரூபித்த பிறகே அதற்கு அனுமதி தருகிறார்கள். அந்தச் சோதனையில் யாரும் பை எடுப்பதில்லை. ஒருவர் பைக்காகப் பத்து விநாடி நின்றால், அவருக்குப் பின்னால் நிற்பவர்களின் பத்து விநாடியையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்.

ஜித்தா செல்லும் விமானத்தில் மீகாத் நெருங்குகிறது என்று அறிவித்தால் நாம் எல்லாவற்றையும் வைத்துவிட்டுக் காது கொடுக்கிறோம். அந்த எல்லையைத் தவறவிட்டால் என்னாகும் என்று நமக்குத் தெரியும். புறப்படும் முன் வரும் சில நிமிட அறிவிப்புக்கும் அதே காதைக் கொடுப்போம். அதில் இருப்பது நமது உயிர் மட்டுமல்ல, பக்கத்து இருக்கைக்காரரின் உயிரும்கூட.

பயணத்துக்கு முன் வீட்டில் சொல்லித் தர வேண்டியவை

1. பாஸ்போர்ட், பணம், அவசிய மருந்து மூன்றையும் இடுப்புப் பெல்ட்டிலோ கழுத்துப் பையிலோ உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள். "பாஸ்போர்ட் மேலே பையில் இருக்கிறதே" என்ற தவிப்புதான் பலரைப் பெட்டியைத் திறக்க வைக்கிறது.

2. பயண துஆவைக் கைபேசியில் தேடிக்கொண்டிருக்காமல் மனனம் செய்துகொள்ளுங்கள், அல்லது ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

3. விமான சீட் பெல்ட் கார் பெல்ட் போன்றதல்ல. பொத்தானை அழுத்தினால் திறக்காது. மேல் தகட்டைத் தூக்க வேண்டும். முதல்முறை செல்லும் பெரியவர்கள் இருக்கையில் அமர்ந்ததும் இரண்டு முறை செய்து பார்க்கட்டும்.

4. அறிவிப்பு மொழி புரியாவிட்டால் முன் இருக்கைப் பையிலுள்ள படங்கள் போட்ட அட்டையைப் பாருங்கள். சக்கர நாற்காலியில் செல்பவர்கள் தங்களுக்குத் தனியாக விளக்கும்படி பணியாளர்களைக் கேட்கலாம்.

5. உங்கள் இருக்கைக்கும் அருகிலுள்ள வாசலுக்கும் இடையே எத்தனை வரிசை என்று எண்ணி வையுங்கள். புகையில் கண் உதவாது.

6. லைஃப் ஜாக்கெட்டை விமானத்துக்கு வெளியே வந்த பிறகே ஊத வேண்டும். 1996-இல் கொமொரோஸ் தீவருகே கடலில் இறங்கிய எத்தியோப்பிய விமானத்தில், உள்ளேயே ஊதிக்கொண்ட பலர் வெளியேற முடியாமல் மூழ்கிப்போனார்கள்.

7. கைபேசி இருக்கை இடுக்கில் விழுந்துவிட்டால் இருக்கையை அசைக்காதீர்கள், நசுங்கினால் தீப்பிடிக்கும். பணியாளரை அழையுங்கள். கருவி சூடானாலும் உப்பினாலும் அப்படியே.

8. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காதிலுள்ள ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுங்கள். விபத்துகளில் பெரும்பங்கு அந்தச் சில நிமிடங்களில்தான் நிகழ்கிறது. குழந்தைகளின் கையிலுள்ள கைபேசியையும் அப்போது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இவற்றை வாசித்ததோடு விடாமல், அடுத்து பயணம் போகும் உங்கள் வீட்டுப் பெரியவரை உட்கார வைத்து ஒருமுறை சொல்லிக் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத நம் தாய்மார்களும் கேட்டுப் புரிந்துகொள்வார்கள்.

பயணம் செல்லும் ஒவ்வொருவரையும் அல்லாஹ் நலமாகக் கொண்டு சேர்த்து, நலமாகவே வீடு திரும்பச் செய்வானாக. ஆமீன்.