தொல்லுயிரியல் மாநாட்டுக்கு முதன்முறை செல்பவர்களுக்கு

தொல்லுயிரியல் (புதைபடிவங்களைக் கொண்டு பழங்கால உயிர்களை ஆராயும் துறை) மாநாட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போவதா வேண்டாமா என்று தவிக்கும் ஆர்வலர்கள் உண்டு. பட்டம் இல்லை, ஆங்கிலம் சரளமாக வராது என்ற தயக்கம் இயல்பானதே. ஆனால் பதற்றத்தின் வேர் பெரும்பாலும் வேறு. கையிலுள்ள கல் என்னவென்று தெரியாமல், அதை மட்டுமே நம்பிப் புறப்படுகிறார்கள்.

ஜவ்வாது மலையடிவாரச் செங்கத்திலிருந்து போகிறவர்கள் தம் ஊர்ப் பாறையை முதலில் அறிந்துகொள்ளுங்கள். ஜவ்வாது மலையின் நைஸ், சார்னோகைட் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையானவை. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருமாறியவை. அவற்றில் எலும்போ சிப்பியோ இருக்க வாய்ப்பில்லை. கல் பிளவுகளில் பெரணி இலைபோலத் தெரியும் கருங்கோடுகள், நீர் கசிந்து மாங்கனீசு படிந்த தடங்கள். இலையென்றால் நடுநரம்பு இருக்கும். இதில் கிளைகள் ஒழுங்கின்றிப் பிரியும். உருண்டைப் பாறைகளும் அப்படித்தான். வெயிலும் மழையும் மூலைகளைத் தின்று, வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரித்ததால் உருண்டவை. இதைத் தெரிந்துகொண்டு போனாலே பாதித் தயக்கம் தீரும்.

உருண்டைக் கல்லைக் கண்டதும் டைனோசர் முட்டை என்று முடிவுகட்ட வேண்டாம். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் கிடைத்த உருண்டைகள் அப்படித்தான் பரபரப்பாயின. அவை முட்டைகளல்ல, அம்மோனைட் (சுருள் ஓடுடைய, அழிந்துபோன கடலுயிர்) சார்ந்தவை என்று வல்லுநர்கள் தெளிவுபடுத்தினர். வீட்டுச் சோதனைகளையும் நம்ப வேண்டாம். கல் நாக்கில் ஒட்டினால் எலும்பு என்பார்கள். காய்ந்த களிமண்ணும் ஒட்டும். எலுமிச்சைச் சாறோ அமிலமோ ஊற்றித் துலக்குவது இன்னும் மோசம். சுண்ணாம்பாலான சிப்பி அதிலேயே கரைந்துவிடும்.

உண்மையான புதைபடிவம் வேண்டுமென்றால் அரியலூர்ப் பக்கம் பாருங்கள். சுமார் 11 கோடி ஆண்டு முதல் 6.6 கோடி ஆண்டு முன்பு வரை அங்கே கடல் ஏறி இறங்கிய படிவுகள் இருக்கின்றன. செங்கத்துக்கு இன்னும் அருகில், விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாகிய மரங்களைக் காணலாம். அது பாதுகாக்கப்பட்ட தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது.

மாநாட்டுக்குக் கல்லை மூட்டை கட்டிச் செல்லத் தேவையில்லை. படமும் குறிப்பும் போதும். கல்லைத் தொடாமல், பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம். சற்று விலகி, அது எந்த அடுக்கில் இருக்கிறது என்று தெரியும்படி இன்னொன்று. ஊர், ஓடை, தேதி, கைப்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றை அங்கேயே எழுதுங்கள். நினைவை நம்பாதீர்கள். பதிவு ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: அரியலூர் கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளை ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டு விவரித்தார்கள். அந்த எலும்புகள் பொடிந்து போயின. அது எவ்வளவு பெரிய டைனோசர் என்ற விவாதம் இன்று கோட்டோவியங்களையும் சில நிழற்படங்களையும் வைத்தே நடக்கிறது.

அரங்கில் எல்லா உரையும் புரிய வேண்டியதில்லை. ஆய்வுச் சுருக்கத் தொகுப்பை முந்தைய இரவே புரட்டி, உங்கள் வட்டாரம் தொடர்பான சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவரொட்டி விளக்கப் பகுதியே புதியவர்களுக்கு உகந்த இடம். ஆய்வு செய்தவரே தம் படங்களின் பக்கத்தில் நின்று பதில் சொல்வார். தமிழ்நாட்டு மாணவர் என்றால் தமிழிலேயே பேசலாம். “இது என்ன கல்?” என்பதைவிட “இந்த அடுக்கில் இப்படி ஒன்று பார்த்தேன், நீங்கள் பார்த்ததுண்டா?” என்று கேளுங்கள். உரையாடல் நீளும். “இது புதைபடிவமே அல்ல” என்று பதில் வந்தால் மனம் கோணாமல் காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் இலவசமாகத் தரும் பாடம் அது.

தொல்லுயிரியல் பட்டமில்லாதவரை யார் மதிப்பார் என்று எண்ண வேண்டாம். மத்தியப் பிரதேசம் தார் மாவட்டப் பள்ளி ஆசிரியர் விஷால் வர்மா, நர்மதைப் பள்ளத்தாக்கில் பல்லாண்டு நடந்து தேடியவர். 92 டைனோசர் கூடுகளையும் 256 முட்டைகளையும் விவரித்த 2023ஆம் ஆண்டு ஆய்வுக் கட்டுரையில், தில்லிப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் அவர் பெயரும் இருக்கிறது. எந்தக் கூடு எந்த ஓடைக்கரையில் என்பதை நேரில் நடந்து அறிந்தவரை ஆய்வாளர்கள் விடமாட்டார்கள்.

திரும்பி வந்த ஒரு வாரத்துக்குள், பேசியவர்களுக்குப் படங்களையும் இடக்குறிப்பையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை அந்த இடத்தைத் தோண்ட வேண்டாம். செய்தியாளரிடமும் சொல்ல வேண்டாம்.