அழகாக ஆடும் இன்ஜின்தான் பலசாலியா?

கேள்வி: கீழ் கோத்தகிரியில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். மகள் செஸ் போட்டிகளுக்குப் போகிறாள். அவளுடைய லேப்டாப்பில் இரண்டு செஸ் இன்ஜின்களை மோதவிட்டோம். ஒன்று குதிரையைப் பலி கொடுத்து ராஜாவை விரட்டுகிறது. பார்க்க அவ்வளவு அழகு. மற்றது ஒரே ஒரு சிப்பாய் கூடுதலாகக் கிடைத்தால் போதும், எண்பது நகர்த்தல் வரை இழுக்கிறது. பத்து ஆட்டத்தில் 6-4 என்று ஜெயித்ததும் அதுதான். கொழுந்தைத் தராசில் வைத்தால் எடைதான் தெரியும், தரம் தெரியாது. இன்ஜினின் பலத்தைச் சொல்லும் எலோ புள்ளியும் அப்படித்தானா ஐயா?

பதில்: இல்லை. கொழுந்தில் எடை வேறு, தரம் வேறு. செஸ்ஸில் வென்றால் 1, டிரா ஆனால் அரை; அதை வைத்துத்தான் எலோவும், அவ்வளவுதான். குதிரையைக் கொடுத்த கணக்கு சரி என்றால் அதன் பலன் புள்ளியிலேயே வந்துவிடும். அழகுக்குத் தனி மார்க் போட்டால் ஒரே கொழுந்தை இரண்டு தடவை நிறுத்த மாதிரி ஆகும்.

ஆனால் அந்த 6-4ஐ வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். 100 எலோ கூடுதலாக உள்ள இன்ஜினே நூறு ஆட்டத்தில் சுமார் 64 புள்ளிதான் எடுக்கும். பத்து ஆட்டத்தில் அது தோற்றாலும் ஆச்சரியமில்லை.

எந்த நேரக்கணக்கில் ஆடினார்கள் என்பதும் முக்கியம். 1998இல் நம் விஸ்வநாதன் ஆனந்த் ரெபெல் என்ற புரோகிராமோடு எட்டு ஆட்டம் ஆடினார். ஐந்து நிமிட ஆட்டங்களில் ரெபெல் 3-1. நிதானமாக ஆடிய இரண்டில் ஆனந்த் 1.5-0.5. மீதி இரண்டையும் சேர்த்து மொத்தத்தில் ரெபெல் 5-3. அதே மனிதர், அதே புரோகிராம். கடிகாரம் மாறியதும் முடிவும் மாறியது.

ஆல்ஃபாஸீரோ என்ற புரோகிராமையும் சொல்ல வேண்டும். 2017இல் ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜினோடு நூறு ஆட்டம்: 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்லை. சிப்பாய்களை வாரிக் கொடுத்துவிட்டு எதிரியின் காய்களை மூச்சுமுட்ட வைத்த அந்த ஆட்டங்களை நான் இரவெல்லாம் போட்டுப் பார்த்தேன். ஆனால் ஸ்டாக்ஃபிஷ்ஷுக்கு நகர்த்தலுக்கு ஒரு நிமிடம் என்று கட்டிப்போட்டது நியாயமா என்ற கேள்வி எழுந்தது. அது சரியான கேள்வி. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வில், வழக்கமான கடிகாரத்தில் ஆயிரம் ஆட்டம்: 155 வெற்றி, 6 தோல்வி, மீதி டிரா. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது.

ஆட்டப் பாணி உங்கள் மகளுக்கு உதவும். பலசாலி இன்ஜின் அவள் ஆடி முடித்த ஆட்டத்தைத் திருத்தட்டும். பலி கொடுக்கும் இன்ஜினைப் பலம் குறைத்து வைத்து, அதோடு அவள் ஆடட்டும். தாக்குதலைத் தாங்கப் பழகுவாள்.

இரண்டில் எது பலசாலி என்று அறிய, நீங்கள் நூறு தொடக்க நிலைகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஆட்டம், நிறம் மாற்றி. இரவில் ஓடவிட்டுத் தூங்குங்கள். 200 ஆட்டம் முடிந்ததும் எனக்கு எழுதுங்கள்.