தபால்தலையை உறையிலேயே விடுங்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறோம். என் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவர். 1950 முதல் 1954 வரை சைகோன் பக்கம் வேலை. அவர் அங்கிருந்து போட்ட கடிதங்கள், ஆயா இங்கிருந்து எழுதிய பதில்கள், கொஞ்சம் கறுப்பு வெள்ளைப் படங்கள், எல்லாம் ஒரு தகரப் பெட்டியில் கிடைத்தன. வருகிற தை மாதம் ஆயாவுக்கு 90 வயது நிறைகிறது. அதற்குள் ஸ்கிராப்புக் என்கிறார்களே, அதுபோல ஓர் ஆல்பம் செய்து அவர் கையில் கொடுக்க ஆசை. தபால்தலைகளை வெந்நீரில் ஊறவைத்து எடுத்துப் பக்கங்களில் ஒட்டலாமா? பூவிதழ் பதித்த தாளைப் பக்கங்களாக வைக்கலாமா? எந்தப் பசை நல்லது? உறவுக்காரர்களுக்கு அழைப்பு அட்டைகளையும் நானே செய்ய நினைத்து, ஹேண்ட்மேட் பேப்பரில் ரப்பர் ஸ்டாம்பால் கோலம் குத்திப் பார்த்தேன். மை பரவி, கோடெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டது. என்ன செய்வது?

ஒரு வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: வெந்நீர் வைக்காதீர்கள். அந்தத் தபால்தலைகளை உறையிலிருந்து பிரிக்கவே கூடாது. தனியாக எடுத்த தலை ஒரு சின்ன வண்ணக் காகிதம்தான். உறையோடு இருந்தால்தான் அது எந்த ஊரிலிருந்து, யாருக்கு, என்றைக்குப் போனது என்பது தெரியும். அஞ்சலக முத்திரை பாதி தலையின் மேலும் பாதி உறையின் மேலுமாக விழுந்திருக்கும். ஊறவைத்தால் அந்த வட்டம் இரண்டாகப் போய்விடும், தேதியும் அதோடு போய்விடும். பழைய தபால்தலை சேகரிப்பவர்களும் முழு உறையைத்தான் தேடுவார்கள்.

உங்கள் பெட்டியில் இருப்பது என்ன என்று தெரிந்தால் இதற்கு மேல் நான் வற்புறுத்த வேண்டியிருக்காது. பிரெஞ்சிந்தியாவுக்கெனத் தபால்தலைகள் 1892-இல் வரத் தொடங்கின. 1954 நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி இந்தியாவிடம் வந்ததோடு அவை முடிந்தன. ஆயாவின் கடிதங்கள் அந்தக் கடைசி ஆண்டுகளுக்குரியவை. அவற்றில் 1948-இல் வெளியான வரிசை இருக்க வாய்ப்பு அதிகம்: அப்சரஸ், துவாரபாலகர், விஷ்ணு உருவங்கள். தாமரைப் பூ போட்ட தலை ஏதாவது இருந்தால் அது 1942-இல் சுதந்திர பிரான்சுக்காக எட்மண்ட் துலாக் என்ற ஓவியர் வரைந்து, லண்டனில் அச்சானது. விலை அணாவில் இருக்காது, ஃபனோன், காஷ் என்று போட்டிருக்கும். நம் பணமும் காசும்தான் அவை. 24 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய். 1923-லிருந்து தபால்தலையிலும் அதே கணக்குதான்.

தாத்தாவின் உறைகளில் பலவற்றில் தலையே இருக்காது. மேல் மூலையில் எஃப்.எம். என்று எழுதி, படை அஞ்சலின் வட்ட முத்திரை மட்டும் குத்தியிருக்கும். சொல்தாக்களின் சாதாரணக் கடிதங்களுக்கு அஞ்சல் கட்டணம் கிடையாது என்பதால் அப்படி. முத்திரையில் டி.ஓ.ஈ. என்ற எழுத்துகள் தெரிந்தால், கடல் கடந்த போர்க்களத்திலிருந்து வந்தது என்று பொருள். அனுப்பியவர் முகவரியில் ஊர்ப்பெயருக்குப் பதில் எஸ்.பி. என்று தொடங்கும் ஓர் எண் இருக்கும், படை எங்கே நிற்கிறது என்பது வெளியே தெரியாமல் இருக்க. தலை இல்லையே என்று இந்த உறைகளை ஒதுக்கிவிடாதீர்கள். ஆயா அதைப் பிரிக்கும்போது அவர் கணவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பது அவருக்கே தெரிந்திருக்காது. உங்கள் ஆல்பத்தில் ஒரு முழுப் பக்கம் தர வேண்டிய செய்தி இது.

ஆகவே நான் சொல்வது ஒன்றுதான். ஒட்டுவதெல்லாம் நகலாக இருக்கட்டும். அசல் எதுவாக இருந்தாலும், நாளை உங்கள் பேத்தி கிழிக்காமல் வெளியே எடுக்கும்படி இருக்க வேண்டும். கடிதங்களையும் உறைகளையும் 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, பளபளப்பில்லாத தாளில் வண்ண அச்சு எடுங்கள். அதன் பிறகு உங்களுக்குத் தடையே இல்லை. வெட்டலாம், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம், நூல் கோத்துத் தைக்கலாம். கட்டை விரல் அளவு அப்சரஸை ஒரு பக்கம் முழுக்கப் பெரிதாக்கலாம். தாத்தாவின் கடிதம் இடப்பக்கம், அதற்கு ஆயா எழுதிய பதில் வலப்பக்கம் என்று வைத்துப் பாருங்கள். இரண்டு பேர் கடிதமும் ஒரே வீட்டில் கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் ஒருவர் எழுதியதுதான் மிஞ்சும்.

படங்களின் அசலை ஆல்பத்திலேயே வைக்க வேண்டுமென்றால் நான்கு மூலைக்கும் சின்னக் காகித முக்கோணங்கள் மடித்து, அந்த முக்கோணத்தை மட்டும் பக்கத்தில் ஒட்டி, படத்தை அதற்குள் செருகுங்கள். தானே ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பக்கம் உள்ள ஆல்பங்கள் வேண்டாம். லாமினேஷனும் வேண்டாம், அந்தச் சூட்டையும் பசையையும் யாராலும் திரும்ப எடுக்க முடியாது. பின்பக்கம் பெயர் எழுதப் பால்பாயிண்ட் பேனாவைத் தொடாதீர்கள். மென்மையான பென்சிலால், ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். மற்ற வேலைக்கெல்லாம் முன்னால் இதைச் செய்யுங்கள். படத்தில் நிற்பவர்கள் யார் யார் என்று இன்றைக்கு ஆயாவால் சொல்ல முடியும். ஸ்டுடியோவின் முத்திரை பின்னால் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய தமிழ் ஸ்டுடியோப் படங்களை மின்படியாக்கும் பணியை, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, உங்கள் ஊர் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செய்திருக்கிறது. உங்கள் குடும்பப் படங்களை அங்கே காட்டுவது வீண் போகாது.

தாளுக்கு நீங்கள் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. வல்லபாய் படேல் சாலையில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் ஆலை 1959 முதல் இயங்குகிறது. ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பருத்தித் துணிக் கழிவை நறுக்கி, தண்ணீரில் அடித்துக் கூழாக்கி, வலைச் சட்டத்தால் ஒவ்வொரு தாளாக அள்ளி எடுத்து, அழுத்தி, உலர்த்துகிறார்கள். பருத்தி இழை நீளமானது, மரக்கூழில் இருக்கும் லிக்னின் அதில் அநேகமாக இல்லை. செய்தித்தாள் சில மாதங்களில் பழுப்பாவதற்குக் காரணம் அந்த லிக்னின்தான். ஆனால் கைத்தாள் என்ற ஒரே காரணத்துக்காக நம்பிவிடவும் கூடாது. மை பரவாமலிருக்கச் சேர்க்கும் பொருள் படிகாரமும் குங்கிலியமுமாக இருந்தால் தாளில் அமிலம் தங்கும். கடையில் ஆசிட் ஃப்ரீ தாள் என்று கேட்டு வாங்குங்கள். பக்கங்களுக்கு 200 ஜிஎஸ்எம் அளவு கனம் போதும்.

பூவிதழ் பதித்த தாளை ஆல்பத்தின் உள்ளே வைக்க வேண்டாம். இதழ் நாளாக ஆகப் பழுப்பேறும், தொட்டுக்கொண்டிருக்கும் படத்திலும் கறை இறங்கும். அழைப்பு அட்டைக்கு அது மிக அழகு, அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்ணம் சுழித்த மார்பிள் தாளை அட்டைக்கும் முகப்புக்கும் பயன்படுத்துங்கள். கடைகளில் கிடைக்கும் கறுப்பு சார்ட் அட்டையில் கறுப்பு வெள்ளைப் படம் எடுப்பாகத் தெரியும். ஆனாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், அது மட்டமான மரக்கூழ்.

பசை: மைதாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் காய்ச்சிய கூழ்தான் காகிதத்துக்கு நல்லது. தேவைப்பட்டால் ஈரம் காட்டிப் பிரித்துவிடலாம். அன்றன்றைக்குக் கொஞ்சமாகக் காய்ச்சுங்கள். பைண்டிங் செய்பவர்கள் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பார்கள். நீங்கள் கலக்காதீர்கள், செம்பு காகித இழையை அரிக்கும். ஃபெவிகாலை மேலட்டை ஒட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செலோடேப் எங்கேயும் வேண்டாம்.

இனி கோலம். குறை உங்கள் கையில் இல்லை. ஒன்று, நீங்கள் வாங்கிய தாள் மை தாங்கும் பூச்சு இல்லாததாக இருக்கலாம். ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் அது ஸ்டாம்புக்கு ஆகாது. இரண்டாவது, ஸ்டாம்ப் பேடில் வரும் மை நீர்த்த சாயம், இழைக்குள் ஓடும். நிறமித் துகள் கலந்த பிக்மென்ட் மை மேலேயே நிற்கும். மூன்றாவது, கைத்தாளின் மேடுபள்ளத்தில் மெல்லிய கோடு பதியாது. சிக்குக் கோலத்தின் நுணுக்கத்தை விட்டு, தடித்த கோட்டில் ஒரே ஒரு தாமரையோ நாலு புள்ளிக் கோலமோ எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய அழிரப்பரில் நீங்களே செதுக்கலாம். துணிக்கு அச்சுப் போடும் மர அச்சுக்கட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. ஸ்கிரீன் பிரிண்டிங் மையைப் பஞ்சில் தொட்டு, கட்டையின் மேல் ஒற்றி ஒற்றி மெல்லிய படலமாக ஏற்றுங்கள். மேசையில் போர்வையை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் தாளை வைத்து, கட்டையை ஆட்டாமல் உள்ளங்கையால் ஒரே அழுத்து. போர்வை கொடுக்கும் மெத்தென்ற இடத்தில் தாளின் பள்ளங்களும் மேலெழுந்து மையைத் தொடும்.

எனக்கு ஒரு ஆசை இருக்கிறது, முடிந்தால் செய்யுங்கள். தாத்தாவின் கடிதங்களின் தலைப்பில் பிள்ளையார் சுழி இருந்தால், ஒன்றை ஸ்கேன் செய்து ரப்பர் ஸ்டாம்ப் கடையில் கொடுத்து, அவர் கையெழுத்திலேயே ஒரு ஸ்டாம்ப் செய்துவிடுங்கள். ஒவ்வொரு அழைப்பும் அவர் போட்ட சுழியில் தொடங்கும். கடையில் வாங்கும் எந்த அலங்காரமும் இதற்கு ஈடாகாது.

கனத் தாளை அப்படியே மடித்தால் முதுகு வெடிக்கும். முனை மழுங்கிய கத்தியால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டு மடியுங்கள். ஓரத்தைக் கத்தரிக்காதீர்கள். தண்ணீரில் தோய்த்த தூரிகையால் கோடிழுத்து, ஈரம் ஊறியதும் ஸ்கேலோடு சேர்த்து மெதுவாகக் கிழித்தால், சட்டத்தில் அள்ளிய தாளுக்குரிய அந்தப் பிசிறு விளிம்பு கிடைக்கும்.

ஆல்பம் வேலையை ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிடுங்கள். கடல் காற்றோடு மழை ஈரமும் சேர்ந்தால் தாள் நெளியும், பழைய உறைகளின் கோந்து தானே ஒட்டிக்கொள்ளும். முடிந்த ஆல்பத்தை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். ஒரு துணிப்பையில் வசம்பு போட்டு அருகில் வையுங்கள், படத்தைத் தொடாமல். அந்துருண்டை வேண்டாம். அசல் கடிதங்களுக்கு ஆசிட் ஃப்ரீ தாளில் உறை செய்து, ஆண்டு வாரியாக அடுக்கி, ஓர் அட்டைப் பெட்டியில் தனியாக வையுங்கள். அந்தத் தகரப் பெட்டி இனி வேண்டாம், துரு காகிதத்தைத் தின்னும்.

அழைப்புகளைத் தபாலில் அனுப்புவீர்கள் என்று நினைக்கிறேன். அஞ்சல் துறை 2011-இல் தொடங்கிய மை ஸ்டாம்ப் திட்டத்தில், நாம் கொடுக்கும் படத்தை அச்சிட்டு, ஒரு தாளில் 12 தலைகளாகத் தருகிறார்கள். ரங்கப்பிள்ளை வீதி தலைமை அஞ்சலகத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தோடு அடையாளச் சான்றும் படமும் கொடுக்க வேண்டியிருக்கும், அச்சாகி வர நாள் பிடிக்கலாம் என்பதால் கார்த்திகைக்குள் போய்விடுங்கள். ஆயாவின் இளவயதுப் படம் ஒன்று, முகம் தெளிவாகத் தெரியும்படி எடுத்துக்கொண்டு போங்கள்.