குறள் காட்டும் செவிலியர்

வள்ளுவப் பெருந்தகை, மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் (950) மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கின்றார். நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து ஆகிய மூன்றையும் கூறி, நான்காவதாக உழைச்செல்வானைச் சுட்டுகின்றார். உழை என்பதற்குப் பக்கம் என்பது பொருள். நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்தைப் பிழையாது கொடுப்பவரே அவர். இன்று அப்பணி புரிவோரைச் செவிலியர் என்கின்றோம்.

உரையாசிரியர் பரிமேலழகர் இந்நான்கிற்கும் நந்நான்கு இயல்புகளை உரைக்கின்றார். உழைச்செல்வானுக்கு உரியவை நோயாளியிடத்து அன்பு, மனமொழி மெய்களின் தூய்மை, சொல்லியவாறு செய்யும் வல்லமை, அறிவு என்பன. வல்லமைக்கும் அறிவுக்கும் முன்னர் அன்பு வைக்கப்பட்டிருத்தல் காண்க. நோயாளிக்கு உரியவற்றுள் ஒன்று, தம் நோய்நிலையை உணர்த்தும் வன்மை.

இவ்விரண்டையும் இணைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். மருத்துவர் பார்த்துச் சென்றபின், நள்ளிரவில் வலி மிகும்போது அருகிருப்பவர் செவிலியரே. கடுகடுத்த முகத்தின்முன் நோயாளி வாய் திறவார்; உரைக்கப்படாத வலி மருத்துவரை எட்டாது. ஆகவே, அன்பு சிகிச்சைக்குப் புறம்பான அணியன்று, சிகிச்சையின் உறுப்பே.

எனினும், செவிலியரிடம் மட்டும் அன்பை எதிர்பார்த்தல் முறையன்று. மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தலும் நோயாளியின் இயல்பாக அவ்வுரையில் கூறப்பட்டுள்ளது. ஊசி வலித்ததற்காகச் சுடுசொல் கூறும் நாம் இதனை எண்ணுதல் வேண்டும். படுக்கை எண்ணால் அழைக்கப்படுதல் நோயாளியைப் புண்படுத்துமாயின், அதட்டி அழைக்கப்படுதல் செவிலியரைப் புண்படுத்தாதோ?

சங்க இலக்கியச் செவிலி, தான் பெறாத மகளைத் தாயாய் நின்று வளர்த்தவள். அப்பெயரைத் தந்த நாம், அதற்குரிய மதிப்பையும் தருவோமாக!