எத்தனை வாட்ஸ் சார்?

பேக்கரி வாசலில் சைக்கிளை நிறுத்தி டீ சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் யாராவது ஒருவர் குனிந்து பெடலுக்கு நடுவே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே கறுப்பாக ஓர் உருண்டை தொங்கும். எழுந்ததும் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"எத்தனை வாட்ஸுங்க சார்?"

250 என்பேன். முகம் வாடிவிடும். "அட, இதுல குன்னூர் ஏறவா?" என்று அடுத்த கேள்வி வரும். இருப்பது கோவை என்பதால் மலை என்றால் குன்னூர்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும்.

வாட்ஸ் அதிகம் இருந்தால்தான் மேடு ஏறும் என்பது இந்த எலெக்ட்ரிக் சைக்கிள்களைப் பற்றிய நம்பிக்கைகளில் தலையாயது. ஹப் மோட்டார் விஷயத்தில் அது ஓரளவு சரி. சக்கரத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் அந்த மோட்டார் சக்கரம் போகிற வேகத்துக்குத்தான் சுற்ற முடியும். செங்குத்தான மேட்டில் சக்கரம் திணறினால் மோட்டாரும் திணறும். பேட்டரியிலிருந்து இழுக்கிற கரண்டில் பெரும்பங்கு சூடாகவே போய்விடும். மிட் டிரைவ் என்கிற நடுமோட்டார் வேலை செய்வது வேறு மாதிரி. அது பெடல் அச்சில் உட்கார்ந்து செயினை இழுக்கிறது. செயினுக்குப் பின்னால் கியர் இருக்கிறது. சூட்சுமமே அங்குதான்.

என் சைக்கிளில் முன்பக்கப் பல்சக்கரத்துக்கு 46 பல். பின்னால் ஆகச் சிறியதற்கு 11, ஆகப் பெரியதற்கு 32. பெடல் அச்சு நிமிடத்துக்கு 90 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 26 இஞ்ச் சக்கரத்தில், 11 பல்லில் செயின் ஓடினால் கணக்குப்படி மணிக்கு 46 கிலோமீட்டர் வேகம். (250 வாட்ஸுக்கு அது எட்டாது, 25-ல் பூட்டியும் வைத்திருக்கிறேன்.) அதே செயின் 32 பல்லுக்கு மாறினால் 16 கிலோமீட்டர்தான். வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகிறது, சக்கரத்தைத் தள்ளும் விசை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. மோட்டாரில் ஒரு திருகைக்கூட மாற்றவில்லை. நீலகிரி மலை ரயிலுக்கே கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த பாதை தேவைப்படுகிறது. அங்கே சுமார் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். மலையில் பல்லும் வேண்டும், நிதானமும் வேண்டும்.

இன்னொன்று. ஸ்டிக்கரில் உள்ள வாட்ஸ் தொடர்ந்து கொடுக்கக்கூடிய அளவு. 36 வோல்ட்டில் 15 ஆம்பியர் விடுகிற கன்ட்ரோலர் மேட்டில் பேட்டரியிலிருந்து 540 வாட்ஸ் வரை எடுக்கும். அதனால் கடையில் கேட்க வேண்டியது கன்ட்ரோலர் எத்தனை ஆம்பியர், பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் எத்தனை பல் என்ற இரண்டும்தான். மோட்டார் பார்த்துக்கொள்ளும் என்று 11 பல்லிலேயே மேட்டில் முக்குகிறவர்கள்தான் கன்ட்ரோலரைக் கருக்கிக்கொண்டு வருகிறார்கள்.

சீனாவிலிருந்து நேற்று வந்து இறங்கிய சரக்கு என்றும் மிட் டிரைவைச் சொல்வார்கள். 1993-லேயே ஜப்பானில் யமஹா விற்பனைக்குக் கொண்டுவந்த பாஸ் சைக்கிளில் மோட்டார் பெடல் பக்கத்தில்தான் இருந்தது. பழைய சைக்கிளில் நாமே பூட்டிக்கொள்ளும்படி கிட்டாகச் செய்து உலகம் முழுக்கப் பரப்பியதில் பாஃபாங் போன்ற சீன நிறுவனங்களுக்குப் பெரும்பங்கு உண்டு, அவ்வளவுதான்.

"செயின் மாசம் ஒண்ணு போயிடுமாமே?" இது பாதி உண்மை. காலும் மோட்டாரும் சேர்ந்து ஒரே செயினை இழுக்கும்போது அது சீக்கிரம் தேயத்தான் செய்யும். ஆனால் செயினை அறுப்பது பெரும்பாலும் ஓட்டுகிறவரின் கட்டைவிரல். மோட்டார் முழு வேகத்தில் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கியரை மாற்றினால், பல்லிலிருந்து பல்லுக்குத் தாவும் நேரத்தில் மொத்த இழுப்பும் ஒரே ஒரு கண்ணியில் விழுகிறது. 'டங்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஒரு தடவை கேட்டவருக்கு மறக்காது. கியர் மாற்றும் முன் காலை ஒரு நொடி தளர்த்தி மோட்டாரை அடங்கவிட வேண்டும். கியர் வயரில் பொருத்துகிற சென்சார் ஒன்று உண்டு. வயர் அசைந்ததும் அதுவே மோட்டாரை நிறுத்திவிடும். மிட் டிரைவ் பூட்டுகிறவர் அந்தச் செலவை மிச்சம் பிடிக்கக் கூடாது என்பேன்.

தேய்மானம் பார்க்கத் தனிக் கருவி தேவையில்லை, பள்ளிக்கூட ஸ்கேல் போதும். செயினில் அரை இஞ்சுக்கு ஓர் ஊசி. ஸ்கேலின் பூஜ்யத்தை ஓர் ஊசியின் நடுவில் வைத்தால் புதுச் செயினில் 12 இஞ்சில் இன்னோர் ஊசியின் நடு சரியாக வந்து நிற்கும். அது பதினாறில் ஒரு பங்கு இஞ்ச் தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்றிவிடுங்கள். எட்டில் ஒரு பங்கு வரை விட்டால் பின்சக்கரப் பற்களையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும்.

இறக்கத்தில் பேட்டரி தானாகச் சார்ஜ் ஆகும் என்பது பலருக்கு இருக்கும் இன்னொரு நினைப்பு. ஆகாது. பெடலை நிறுத்தினாலும் சக்கரம் 'டிக் டிக்'கென்று ஓடுகிறதே, அந்த ஃப்ரீவீல்தான் காரணம். சக்கரம் ஓடும், செயின் நிற்கும், மோட்டாரும் நிற்கும். சுற்றாத மோட்டார் கரண்ட் தராது. இறக்கத்தில் வேலை முழுக்க பிரேக்குக்குத்தான். மோட்டாரும் பேட்டரியுமாக ஏழு கிலோ கூடியிருக்கிறது. பழைய ரப்பர் கட்டைகளை நம்பி மலை இறங்க வேண்டாம், டிஸ்க் பிரேக் உள்ள பிரேமாகப் பாருங்கள்.

ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதற்கு விற்பவர் சொல்லும் எண்ணை அப்படியே நம்பாமல் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ என்றால் அந்த உயரத்துக்குத் தூக்கவே 400 வாட்-ஹவருக்கு மேல் வேண்டும். மோட்டாரில் சூடாகப் போவதையும் சேர்த்தால் 500-ஐத் தாண்டும். என் பேட்டரி மொத்தமே 504. சமதரையில் லேசாக மிதித்துக்கொண்டு 50 கிலோமீட்டர் ஓடும் அதே பேட்டரி, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தால் குன்னூருக்குக் கீழேயே கையை விரித்துவிடும். மிதித்தால் சேர்ந்துவிடலாம். பேக்கரிக் கேள்விக்கு என் பதிலும் இதுதான்: ஏறும், நீங்களும் மிதித்தால்.

அந்த 504 எங்கிருந்து வருகிறது என்று சொன்னால்தான் அடுத்த நம்பிக்கையின் ஆபத்து விளங்கும். 18650 என்று பெயர்பெற்ற செல் 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம். 3.6 வோல்ட், 3.5 ஆம்பியர்-ஹவர் உள்ள செல்களை நான்கு நான்காக இணைத்து, அப்படிப் பத்து வரிசையைத் தொடராகக் கோத்தால் 36 வோல்ட். மொத்தம் 40 செல். பழைய லேப்டாப் பேட்டரிகளை உடைத்து இந்த நாற்பதைத் தேற்றிவிடலாம் என்று பக்கத்து வீதிப் பையன் ஒருவன் ஒரு பை நிறையக் கொண்டுவந்தான். வெவ்வேறு கம்பெனி, வெவ்வேறு வயசு, சிலவற்றின் உறையில் துரு. "பி.எம்.எஸ். போட்டா பார்த்துக்கும்ல அண்ணா?" என்றான். பி.எம்.எஸ். என்பது பேட்டரியைக் காக்கும் சர்க்யூட். செல்களில் அது பார்ப்பது ஒவ்வொரு வரிசையின் வோல்ட்டைத்தான், தனித்தனிச் செல்லை அல்ல. வரிசைக்குள் இருக்கும் நான்கில் ஒன்று உள்ளுக்குள் கெட்டுப்போயிருந்தால் அதற்குத் தெரியாது. போதாக்குறைக்கு, செல்லின் தலையில் பற்றுக்கோலை வைத்து ஈயம் பற்றவைக்கப் போகிறான். அந்தச் சூடு உள்ளே இறங்கினால் நல்ல செல்லும் கெடும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங்கில் ஒட்டுவதுதான் முறை. அந்தப் பையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. மின்கழிவு எடுப்பவரிடம் சேர்த்துவிட்டேன். பையனுக்கு வருத்தம்தான்.

மோட்டாரில் சிக்கனம் பார்க்கலாம், சைக்கிளில் பார்க்கலாம். பேட்டரியை மட்டும் பில் தருகிற இடத்தில் வாங்குங்கள். கண்ணெதிரில் வைத்துச் சார்ஜ் போடுங்கள், கட்டிலுக்கடியில் வேண்டாம்.

"எலெக்ட்ரிக் சைக்கிள்தானே, லைசென்ஸ் எதுக்கு?" என்பதற்கு மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் விதி 2(யு) பதில் வைத்திருக்கிறது. மோட்டாரின் அரைமணி நேரத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்து, அதை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் உறுதிசெய்திருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது. ஆகவே 750 வாட்ஸ் கிட்டைப் பூட்டிவிட்டுச் சைக்கிள்தான் என்று சாதிக்க முடியாது. வீட்டில் பூட்டிய வண்டிக்குச் சோதனைச் சான்று எங்கே என்று கேட்டால் என்னிடமும் பதில் இல்லை. 250 என்ற ஸ்டிக்கரைக் காட்டிச் சட்டம் என் பக்கம் என்று மார்தட்ட மாட்டேன்.

கடைசியாக, எந்தச் சைக்கிளிலும் பூட்டிவிடலாம் என்ற நம்பிக்கை. பெடல் அச்சு நுழைகிற குழாயின் அகலம் 68-லிருந்து 73 மில்லிமீட்டர் வரை இருந்தால் சாதாரணக் கிட் உட்காரும். கிட்டுக்குப் பணம் கட்டும் முன் அளந்துவிடுங்கள். அந்தக் குழாயிலிருந்து பழைய கப்பைக் கழற்றுவதில்தான் நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன். இடப்பக்கம் வழக்கம்போல் வந்துவிட்டது. வலப்பக்கத்தில் ஸ்பேனரைப் போட்டு, குழாய் சொருகி, அதன்மேல் ஏறியே நின்றேன். அசையவில்லை. மாலையில் வந்த சைக்கிள் கடைக்காரர் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "இவ்வளவு நேரம் டைட் பண்ணிட்டு இருந்திருக்கீங்க சார்."

நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சைக்கிள்களில் செயின் பக்கத்துக் கப்புக்கு மரை தலைகீழ். கழற்றுவதற்குக் கடிகார முள் போகிற திசையில் திருப்ப வேண்டும்.