போர் என்னும் சொல்

தமிழில் ‘போர்’ என்னும் சொல் படைகள் பொருதலைக் குறிக்கும். களத்து வைக்கோற் குவியலையும் குறிக்கும். ஆங்கிலத்திலும் ‘போர்’ என ஒலிக்கும் சொல் ஒன்று உண்டு. கருவியைச் சுழற்றித் துளையிடுதல் என்பது அதன் பொருள். தச்சர் துரப்பணத்தால் மரத்தைத் துளைப்பது இத்தகைய செயலே. காது குத்துதலை அச்சொல்லாற் கூறுதல் பொருந்தாது. அங்கே ஊசி சுழல்வதில்லை.

தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூர்ப் பக்கத்து உழவரும் இச்சொல்லை நன்கு அறிவர். கடும்பாறையைத் துளைத்து நீர் காண்பதை, ‘போர் போட்டோம்’ என்பர். நூல்வழக்கில் அஃது ஆழ்துளைக் கிணறு எனப்படும். அதன் வாய் பெரும்பாலும் ஒரு சாணுக்கும் குறைவு. ஆழமோ பல நூறு அடி.

நீர் வற்றிய துளையை மூடாது விடுதல் பெருந்தீங்கு. கைவிட்ட துளையை மண், மணல், கூழாங்கல் முதலியவற்றால் அடிமுதல் நிலமட்டம்வரை நிரப்ப வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2010-ஆம் ஆண்டிலேயே பணித்தது. ஆயினும் 2019-இல் மணப்பாறையை அடுத்த நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று அத்தகைய துளையில் வீழ்ந்தது. நாட்கணக்கில் முயன்றும் அதனை உயிருடன் மீட்க இயலவில்லை.

மாணவர்களே, திறந்து கிடக்கும் துளையை எங்கேனும் கண்டால், அணுகாது நின்று, பெரியோர்க்கும் ஊராட்சியார்க்கும் உடனே அறிவிப்பீராக.